நுரை அடைப்பான் பேணி: தீயும் சிந்துதலும் பற்றிய எச்சரிக்கை

மலைநாட்டிற் குளிர் கடுமையானது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் இரவு வேளைகளில் உறைபனியும் பெய்வதுண்டு. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளிலும் மழையோடு கூடிய காற்று கூரைத் தகரத்தின் கீழும் யன்னற் சட்டத்தின் பக்கத்திலும் நுழைந்து வீட்டைக் குளிரச் செய்கின்றது. மரக்கறி பொதி செய்யும் கொட்டில், காளான் வளர்க்கும் அறை, சிறு குளிர்சாதனக் களஞ்சியம் ஆகியவற்றிலும் இடுக்குகளை அடைக்க வேண்டிய தேவை கமக்காரருக்கு ஏற்படுகின்றது.

இத்தேவைக்கென நுரை அடைப்பான் என்னும் பொருள் இக்காலத்திற் கட்டடப் பொருட்கடைகளில் விற்கப்படுகின்றது. இது அமுக்கம் ஏற்றப்பட்ட தகரப் பேணியில் அடைக்கப்பட்டுள்ளது. பேணியின் வாயிலுள்ள குழாயை இடுக்கில் வைத்து அழுத்தினால் ஒட்டும் நுரை வெளிவந்து, பருத்து, சிறிது நேரத்தில் இறுகிவிடும். குளிரையும் காற்றையும் அது நன்கு தடுக்கும். பயன்படுத்துவதும் எளிது. எனினும் இப்பேணி அடுப்பங்கரையிலே கையாளத்தக்க பொருளன்று. அது எவ்வாறு தீயை உண்டாக்கும் என்பதையும், சிந்தினால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அறியாமற் பயன்படுத்துவோர் தம் வீட்டை மட்டுமன்றி அயலார் வீடுகளையும் ஆபத்துக்கு உள்ளாக்குவர்.

பேணியினுள் இருப்பவை

பேணியினுள் இரு வகைப் பொருள்கள் உண்டு. ஒன்று, நுரையாக மாறும் தடித்த திரவம். இது பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளை உண்டாக்குவது. இதில் ஐசோசயனேற்று வகுப்பைச் சேர்ந்த ஓர் இரசாயனப் பொருள் கலந்துள்ளது. வளியிலுள்ள ஈரத்தோடு சேரும்போது இது காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிட்டு, பருத்து, இறுகுகின்றது.

மற்றையது, அத்திரவத்தை வெளியே தள்ளும் வாயு. புரோப்பேன், ஐசோபியூட்டேன், இருமெதையில் ஈதர் என்பன இதற்குப் பெரும்பாலும் பயன்படுகின்றன. சமையல் எரிவாயுவில் உள்ளவையும் புரோப்பேன், பியூட்டேன் என்பனவே. ஆகவே நுரைப் பேணியை வீட்டுக்குக் கொண்டுவருபவர் உண்மையில் ஒரு சிறு எரிவாயுக் கொள்கலனையே கொண்டுவருகின்றார் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டுக்குமிடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சமையல் எரிவாயுவிற் கசிவை உணர்த்தும் பொருட்டு நாற்றமுள்ள பொருள் ஒன்று வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. நுரைப் பேணியின் வாயுவில் அவ்வாறு சேர்க்கப்படுவதில்லை. எனவே அறையில் வாயு நிறைந்திருப்பதை மூக்கு எச்சரிக்குமென நம்பியிருத்தல் கூடாது.

2021ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளில் எரிவாயு அடுப்புகளிலும் கொள்கலன்களின் இணைப்புகளிலும் வெடிப்பும் தீயும் உண்டானமை பலருக்கு நினைவிருக்கும். அதனை ஆராய அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. கொள்கலனிலுள்ள புரோப்பேன், பியூட்டேன் என்பவற்றின் விகிதம் அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. புரோப்பேன் மிகுந்தால் அமுக்கமும் மிகும் என்பதை மக்கள் அந்நாட்களில் அறிந்துகொண்டனர். அதே அறிவு நுரைப் பேணிக்கும் பொருந்தும்.

மூன்று நிலைகளில் மூன்று ஆபத்துகள்

நுரை அடைப்பானின் ஆபத்தை மூன்று நிலைகளாகப் பிரித்து அறிதல் எளிது. பேணிக்குள் இருக்கும்போது அது வெடிக்கக்கூடியது. வெளிவரும்போது அதனோடு வரும் வாயு தீப்பற்றக்கூடியது. இறுகிய பின்னர் அந்நுரையே எரிபொருளாகக்கூடியது. ஒரு நிலையைக் கடந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணுதல் தவறு.

முதலாம் நிலை: பேணியும் வெப்பமும்

மலைநாட்டுக் குளிரிற் பேணியிலுள்ள திரவம் தடித்துவிடும். நுரை சரியாக வெளிவராது; வந்தாலும் நன்கு பருக்காது. அப்போது பேணியை அடுப்படியில் வைத்துச் சூடாக்கும் எண்ணம் எவருக்கும் எளிதில் தோன்றும். இதுவே யாவற்றிலும் பெரிய தவறாகும். மலைநாட்டுக் கமக்காரர் இத்துண்டுப் பிரசுரத்தில் ஒன்றை மட்டுமே நினைவில் வைக்க முடியுமாயின் இதனையே நினைவில் வைக்க வேண்டும்.

புரோப்பேன் வாயுவின் அமுக்கம் 20 பாகை செல்சியசில் இருப்பதைவிட 50 பாகையில் ஏறக்குறைய இருமடங்காகின்றது. இதனாலேயே பேணிகளில் 50 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் படலாகாது என்னும் எச்சரிக்கை அச்சிடப்பட்டுள்ளது. விறகடுப்பின் அருகிலும், அடுப்புக்கு மேலுள்ள பரணிலும், வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தினுள்ளும் வெப்பம் இவ்வளவைத் தாண்டக்கூடும். பேணி வெடித்தால் உள்ளிருக்கும் திரவ வாயு ஒரு கணத்தில் ஏறக்குறைய 250 மடங்கு கனவளவாக விரிந்து, அருகிலுள்ள நெருப்பிற் பற்றிக்கொள்ளும்.

பேணியைச் சற்று வெதுவெதுப்பாக்க வேண்டுமாயின், கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீருள்ள வாளியில் அதனைச் சில நிமிட நேரம் நிறுத்தி வைக்கலாம். அந்நீர் 30 பாகைக்கு மேற்படலாகாது. நீரை வேறிடத்திற் சூடாக்கிக் கொண்டுவர வேண்டும். பேணியை வைத்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றலாகாது. முதல்நாள் இரவு பேணியை அடுப்பில்லாத அறையினுள் வைத்திருப்பது இதனிலும் நன்று. உறைபனிக் காலத்தில் அவ்வேலையை ஒத்திவைத்து, வெயில் ஏறிய நண்பகலிற் செய்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

இரண்டாம் நிலை: வெளிவரும் வாயு

நுரையோடு வெளிவரும் வாயு கண்ணுக்குத் தெரியாது. புரோப்பேன் வளியைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் பாரமானவை. ஆகையால் இவ்வாயு மேலெழுந்து கூரை வழியே போவதில்லை. நிலத்தோடு படிந்து, தாழ்ந்த இடத்தை நோக்கி நீரைப்போற் பரவும். மலைநாட்டு வீடுகளில் விறகடுப்பு இருப்பதும் நிலமட்டத்திலேயாகும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பேணியிலிருந்து 100 கிராம் வாயு வெளிவந்தது எனக் கொள்வோம். அது வளியில் விரியும்போது ஏறக்குறைய 50 லீற்றர் ஆகும். வளியில் நூற்றுக்கு இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே அக்கலவை தீப்பற்றத் தொடங்கும். எனவே 50 லீற்றர் வாயு 2500 லீற்றர் வளியை, அதாவது இரண்டரைக் கன மீற்றர் வளியை, தீப்பற்றும் கலவையாக மாற்றவல்லது. அறை முழுவதையும் நிரப்ப இது போதாது எனினும், அடுப்பங்கரை மூலையை நிரப்ப இது தாராளமாகப் போதும். ஒரே நாளில் மூன்று நான்கு பேணிகளைப் பயன்படுத்தினால் ஆபத்து அவ்வளவுக்குப் பெருகும்.

தீ மூட்டுவதற்கு எரியும் விறகுதான் வேண்டுமென்பதில்லை. சாம்பலுக்குள் மறைந்து கிடக்கும் தணல், சுவாமி விளக்கு, ஊதுபத்தி, நுளம்புச் சுருள், பீடி, சிகரெட்டு, மின் ஆளியைப் போடும்போது எழும் சிறு பொறி, தானாக இயங்கும் குளிரூட்டிப் பெட்டி ஆகிய யாவும் போதுமானவை.

குளிர்சாதனக் களஞ்சியம் அமைப்போர் தென் கொரிய நாட்டின் அனுபவத்தை அறிந்திருத்தல் நன்று. அந்நாட்டின் இச்சொன் நகரில் 2008ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்திலே தீ உண்டாகி 40 பேர் இறந்தனர். அதே நகரில் 2020ஆம் ஆண்டு ஏப்ரில் 29ஆம் நாள் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு களஞ்சியத்தில் 38 பேர் இறந்தனர். இரண்டு இடங்களிலும் பொலியூரித்தேன் நுரையிடும் வேலையும் அந்நுரையும் தீயோடு தொடர்புற்றிருந்தன. அங்கே பயன்பட்டது பெரும் இயந்திரங்களால் இடப்படும் நுரை, கடைப் பேணியன்று. ஆயினும் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. மூடிய அறையில் நுரையிடும் வேலையும் தீப்பொறி எழும் வேலையும் ஒரே காலத்தில் நடைபெறலாகாது. களஞ்சியத்திலே உருக்கொட்டும் வேலை, இரும்பு வெட்டும் வேலை இருப்பின் அவை நுரையிடுவதற்கு முன்னரே முடிந்துவிட வேண்டும்.

மூன்றாம் நிலை: இறுகிய நுரை

நுரை இறுகியதும் வாயுவின் ஆபத்துக் குறைகின்றது. ஆனால் இறுகிய நுரை மண்ணோ சீமெந்தோ அன்று. அது எரியும் பொருளாகும். சிறு சுவாலை பட்டாலும் சாதாரண நுரை விரைந்து பற்றி, உருகி, கரும்புகையைக் கக்கும். அப்புகையிற் காபனோரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் உண்டு. இவ்விரண்டும் உயிர்கொல்லும் நஞ்சுகள். தீ உடலைத் தீண்டுமுன்னரே புகை மனிதரை வீழ்த்திவிடும்.

பிரேசில் நாட்டின் சாந்தா மரியா நகரில் 2013ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் ஒரு கேளிக்கை மண்டபத்தின் உட்கூரையில் ஒட்டியிருந்த நுரையில் வாணவேடிக்கைப் பொறி பட்டது. அத்தீயில் 242 பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் புகையினாலேயே மாண்டனர். இறுகி, காய்ந்து, பல நாள் சுவரிலே கிடந்த நுரை இத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

ஆகையால் விறகடுப்புக்கு அருகிலும், புகைபோக்கியைச் சுற்றியும், எரிவாயு அடுப்பின் பின்புறச் சுவரிலும், சூடேறும் மின்குமிழைச் சுற்றியும் நுரை இடலாகாது. ஏறக்குறைய 90 பாகை வெப்பத்திற்கு மேல் இந்நுரை தாங்காது. பழைய மின்கம்பிகளை நுரைக்குள் புதைப்பதும் தீதாகும். கம்பி சூடேறினால் அச்சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே பெருகும். இவ்விடங்களிலுள்ள இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்து, சீமெந்து அல்லது நன்கு பிசைந்த களிமண் கொண்டு அடைப்பதே தக்கது. இவை எரியமாட்டா; செலவும் குறைவு.

தீயைத் தாங்குவது எனக் குறிக்கப்பட்ட நுரையும் சில கடைகளில் உண்டு. அது தீ பரவுவதைச் சிறிது நேரம் தாமதப்படுத்துமேயன்றி எரியாத பொருளாக மாறிவிடாது. நிறத்தைக் கொண்டு அதனை இனங்காண முயலலாகாது. பேணியின் மீதுள்ள குறிப்பை வாசித்தே அறிய வேண்டும்.

லயன் வீடுகளிற் சிறப்பான கவனம்

தனி வீட்டில் ஒருவர் செய்யும் தவறு அவ்வீட்டோடு நின்றுவிடலாம். லயன் வீட்டில் அவ்வாறன்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவான காம்பராக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ளன. இரட்டை லயன்களில் அவை முதுகோடு முதுகாகவும் அமைந்துள்ளன. பல லயன்களில் நடுச்சுவர் கூரைவரை எழுப்பப்படவில்லை. கூரையின் கீழுள்ள வெளி எல்லாக் காம்பராக்களுக்கும் பொதுவானது. பழைய மரச் சலாகைகளும், பரணில் அடுக்கிய விறகும், உலர்த்திய துணிகளும் அவ்விடத்தில் உண்டு. ஒரு காம்பராவிலே தோன்றும் தீ சிறிது நேரத்தில் லயன் முழுவதையும் பற்றுவதற்குக் காரணம் இதுவேயாகும்.

எனவே லயனில் நுரையிட எண்ணுபவர் தம் அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. இருபக்கத்து அயலாருக்கும், இரட்டை லயனாயின் பின்புறத்தாருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சுவரின் அடியிலுள்ள ஓட்டை வழியே வாயு பக்கத்துக் காம்பராவுக்குச் சென்று, அங்கே எரியும் அடுப்பை அடையக்கூடும். கூரைத் தகரத்தின் கீழ் நீளமாக நுரையிடுதலையும் தவிர்க்க வேண்டும். அது ஒரு காம்பராவிலிருந்து மறு காம்பராவுக்குத் தீயைக் கொண்டுசெல்லும் திரிபோலாகிவிடும்.

அடைக்கக்கூடாத துவாரங்கள்

எல்லா இடுக்கும் குற்றமுடையதன்று. விறகடுப்பு எரியும் அறையிற் புகை வெளியேறும் வழியையும் வளி உட்புகும் வழியையும் அடைத்தால், காபனோரொட்சைட்டு அறையிலே தங்கி உறங்குவோரைக் கொல்லும். குளிருக்கு அஞ்சி வீட்டை முற்றாக அடைத்துவிட்டு, உள்ளே தணற்சட்டி வைத்து உறங்குவது பெருங்கேடு.

விதை உருளைக்கிழங்குக் களஞ்சியத்துக்கும் காற்றோட்டம் இன்றியமையாதது. கிழங்கு உயிருள்ள பொருள். அது சுவாசிக்கும்போது வெப்பமும் ஈரமும் காபனீரொட்சைட்டும் உண்டாகின்றன. அவை வெளியேறாவிடிற் கிழங்கு அழுகும். காளான் அறைக்கும் இவ்விதி பொருந்தும். நெல் விதை வைக்கும் அறையில் எலி நுழையும் துவாரத்தை நுரையால் மட்டும் அடைத்தாற் பயனில்லை. எலி அதனை எளிதிற் கடித்துத் துளைத்துவிடும். அவ்விடத்திற்குக் கம்பி வலையும் சீமெந்துமே ஏற்றவை.

வேலை செய்யும் முறை

காலைச் சமையல் முடிந்து, அடுப்புத் தணலை நீர் தெளித்து முற்றாக அணைத்து, சாம்பல் குளிர்ந்த பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். எரிவாயுக் கொள்கலனின் வால்வை மூட வேண்டும். சுவாமி விளக்கையும் அணைத்துவிட வேண்டும். மின் ஆளிகளை முன்னரே நிறுத்தி, வேலை முடியும்வரை அவற்றைத் தொடாதிருத்தல் நன்று. கதவு, யன்னல் யாவும் திறந்திருக்க வேண்டும். வாயு நிலத்தோடு செல்லுமாகையாற் கதவைத் திறந்து வைப்பது மிக அவசியம்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள், இழுப்பு நோயுள்ளோர் ஆகியோர் வேலை நடைபெறும் அறையில் இருத்தலாகாது. இழுப்பு நோயுள்ளவர் இவ்வேலையைத் தாமே செய்யவும் கூடாது. கையுறை, கண்ணாடி, நீண்ட கைச் சட்டை என்பன அணிய வேண்டும். பூச்சிநாசினி தெளிக்கும்போது முகத்திற் கட்டும் துணி இவ்வாவியைத் தடுக்காது.

பேணியை நன்கு குலுக்கி, குறிப்பிற் சொல்லியவாறு பிடித்து, இடுக்கின் பாதியளவே நிரப்ப வேண்டும். நுரை பின்னரும் பருக்கும். அளவுக்கு மிஞ்சி இட்டால் யன்னற் சட்டமே வளையக்கூடும். இட்ட நுரையின் மேற்புறம் பத்து நிமிடமளவில் ஒட்டாத நிலையை அடையும். உள்ளும் முற்றாக இறுக ஒரு நாள் செல்லும். குளிர் மிகுந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். அறையின் வளி நன்கு மாறும்வரை அடுப்பை மூட்டலாகாது. அன்றிரவுச் சமையலை வெளியிலோ வேறு காம்பராவிலோ செய்துகொள்ள முன்னேற்பாடு செய்வதே அறிவுடைமை. வெளிப்புறத்தில் வெயில் படும் நுரை மஞ்சளாகி உதிருமாகையால், இறுகிய பின் அதன்மேற் சாந்தோ வர்ணமோ பூச வேண்டும்.

சிந்தினாற் செய்ய வேண்டியவை

பேணி கசிந்தாலோ உடைந்தாலோ முதலில் மனிதரை வெளியேற்ற வேண்டும். அறையிலே நெருப்பு எரிந்துகொண்டிருந்தால் அதனை அணைக்க முயன்று காலம் தாழ்த்தாது உடனே அகல வேண்டும். நெருப்பு இல்லையெனிற் கதவு, யன்னல்களைத் திறந்துவிட்டு, மின் ஆளியைப் போடாமலும் அணைக்காமலும் விட்டு, கசியும் பேணியை வீடுகளுக்கு அப்பாலுள்ள திறந்த வெளிக்குக் கொண்டுசென்று நிமிர்த்தி வைக்க வேண்டும். கான் ஓரத்திலோ பள்ளத்திலோ வைத்தலாகாது.

நிலத்திற் சிந்திய திரவத்தை நீர் ஊற்றிக் கழுவலாகாது. உலர்ந்த மணல், உலர்ந்த மண் அல்லது மரத்தூளால் மூடி, அது இறுகிய பின்னர் மண்வெட்டியால் அள்ள வேண்டும். அள்ளியதைப் பழைய வாளியில் இட்டு, மூடியை இறுக்காது வெளியிலே இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். இறுகாத திரவம் ஈரத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை வெளிவிடுவதால், இறுக மூடிய பாத்திரம் வெடிக்கக்கூடும்.

இந்தியாவின் போபால் நகரில் 1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு பூச்சிநாசினித் தொழிற்சாலையின் தாங்கியொன்றில் நீர் புகுந்ததனாற் பெருவிபத்து நேர்ந்தது. அங்கே வெளியேறிய மெதையில் ஐசோசயனேற்று, நுரைப் பேணியிலுள்ள பொருளின் வகுப்பைச் சேர்ந்ததே. ஆயினும் அது எளிதில் ஆவியாகும் கொடிய பொருள். பேணியிலுள்ளது மிகக் குறைவாகவே ஆவியாகும். எனவே அத்தகைய பேரழிவுக்கு இங்கே இடமில்லை. இவ்வகுப்புப் பொருள்களையும் நீரையும் மூடிய பாத்திரத்தில் ஒருங்கே அடைக்கலாகாது என்னும் விதி மட்டும் இரண்டுக்கும் பொதுவானது.

அள்ளிய இடத்தைப் பின்னர் பத்து லீற்றர் நீரில் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை சலவைச் சோடாவும் சிறிது சவர்க்காரத் தூளும் கலந்து தேய்க்க வேண்டும். அந்நீரை மணலில் ஊறவிட்டு அள்ள வேண்டுமேயன்றிக் கானில் விடலாகாது. நானு ஓயாவிலே சேரும் நீர் மகாவலி கங்கைக்கும், மஸ்கெலியா ஓயாவிற் சேரும் நீர் களனி கங்கைக்கும் செல்கின்றது. மலையிலே கானில் விடுவதைப் பள்ளத்திலுள்ளோர் வயலுக்கும் குடிநீருக்கும் எடுப்பர்.

இறுகாத நுரையைத் துடைக்க அசற்றோன் என்னும் திரவம் விற்கப்படுகின்றது. அது பெற்றோலைப்போல விரைந்து தீப்பற்றும். அடுப்புள்ள வீட்டினுள் அதனைத் திறக்கவே கூடாது. மண்ணெண்ணெய், பெற்றோல் என்பவற்றையும் இதற்குப் பயன்படுத்தலாகாது.

தீப்பிடித்தாற் செய்ய வேண்டியவை

சுவரிலுள்ள சிறிதளவு நுரையில் தீப்பற்றினால், மின்சாரத்தை நிறுத்திய பின் நீர் ஊற்றியோ மணல் வீசியோ உலர்தூள் தீயணைப்பானைக் கொண்டோ அணைக்கலாம். தீ ஓர் ஆள் உயரத்தைத் தாண்டினாலோ புகை கறுத்து இறங்கினாலோ அணைக்கும் முயற்சியைக் கைவிட வேண்டும். தவழ்ந்து வெளியேற வேண்டும். நிலத்தின் அருகிற் புகை குறைவு. லயனிலுள்ள எல்லாக் காம்பராக்களையும் தட்டி எழுப்ப வேண்டும். பொருளை எடுக்க எவரும் உள்ளே திரும்புதல் கூடாது.

தீக்குள் நுரைப் பேணியோ எரிவாயுக் கொள்கலனோ இருப்பின் அதனை எடுக்க முயலலாகாது. அதனைத் தூர நின்று நீரால் நனைத்துக் குளிர்விக்கலாம். இயலாவிடில் அகன்று நிற்க வேண்டும். தீயணைப்புப் படைக்கு 110, பொலிசுக்கு 119, சுவசெரிய நோயாளர் வண்டிக்கு 1990 என்னும் எண்களை அழைக்கலாம். மலைப் பாதையில் வண்டி வந்துசேர நேரமாகுமாதலாற் பத்துக் காம்பராக்களுக்கு ஒரு மணல் வாளியும் ஒரு நீர்த்தொட்டியும் எப்போதும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

உடலிற் பட்டால்

தோலில் இறுகாத நுரை பட்டால் உலர்ந்த துணியால் உடனே துடைத்து, சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். இறுகியபின் பிய்த்து இழுத்தால் தோல் உரியும். சில நாட்களில் அது தானே உதிரும். கண்ணிற் பட்டால் இமையை விரித்துப் பதினைந்து நிமிடம் தூய நீரால் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஆவியைச் சுவாசித்தவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவர வேண்டும். இருமலும் மூச்சிறைப்பும் பல மணி நேரம் கழித்தும் தோன்றக்கூடும். ஒருமுறை இப்பொருளால் மூச்சிறைப்பு உண்டானவருக்கு மறுமுறை மிகச் சிறிதளவும் கேடு செய்யும். அவர் பின்னர் இதனைத் தொடவே கூடாது.

தீப்புண்ணை ஓடும் குளிர் நீரில் இருபது நிமிடம் வைத்திருந்து, தூய துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பற்பசை, எண்ணெய், தேயிலைச் சக்கை முதலியவற்றைப் புண்ணிற் பூசலாகாது.

வைத்திருத்தலும் கழித்தலும்

பேணியை நிமிர்த்தி, குளிர்ந்த, உலர்ந்த, பூட்டத்தக்க இடத்தில் வைக்க வேண்டும். பூச்சிநாசினி, மண்ணெண்ணெய், உரம் ஆகியவற்றோடு சேர்த்து வைக்கலாகாது. விசேடமாக நைத்திரேற்று உரங்கள் தீயை வளர்ப்பன. பேருந்தில் பயணிகளோடு இப்பேணியை எடுத்துச் செல்லுதலும் நன்றன்று.

வெறுமையாகத் தோன்றும் பேணியிலும் வாயு எஞ்சியிருக்கும். அதனைக் குத்தித் துளைக்கவோ, அடுப்பிலும் குப்பைக் குழியிலும் இட்டு எரிக்கவோ கூடாது. தோட்டங்களிற் குப்பையைக் குவித்து எரிக்கும் வழக்கம் உண்டாகையால், பேணியைப் பொதுக் குப்பையிற் சேர்க்காது தனியே வைத்து, பிரதேச சபை அல்லது நகர சபைக் கழிவுச் சேகரிப்போரிடம் அறிவித்து ஒப்படைக்க வேண்டும். வெட்டிய நுரைத் துண்டுகள் மக்கமாட்டா. அவற்றைக் கூட்டெருவிற் சேர்த்தலும் ஓடையில் எறிதலும் ஆகா.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. நுரைப் பேணியைச் சிறு எரிவாயுக் கொள்கலனாகவே கருதுக.

2. குளிர்ந்த பேணியை அடுப்பருகே சூடாக்கற்க. இளஞ்சூட்டு நீரே போதும்.

3. தணல், விளக்கு, ஊதுபத்தி, ஆளி ஆகிய யாவற்றையும் வேலைக்கு முன்னரே நிறுத்துக, அயலாருக்கும் அறிவிக்குக.

4. அடுப்பு, புகைபோக்கி, மின்கம்பி ஆகியவற்றின் அருகே சாந்தும் சீமெந்தும் களிமண்ணுமே பயன்படுத்துக.

5. புகைவழியையும் காற்றுவழியையும் அடைக்கற்க.

6. சிந்தியதை மணலால் மூடி அள்ளுக, கானில் விடற்க, இறுக மூடி வைக்கற்க.

7. வெறும் பேணியையும் நெருப்பில் இடற்க.

ஓர் இடுக்கை அடைக்கச் சில நிமிடம் போதும். அதற்குமுன் அடுப்பை அணைத்து, தணல் குளிரும்வரை காத்திருக்க ஒரு மணி நேரம் செல்லலாம். அந்த ஒரு மணி நேரமே ஒரு கூரையின் கீழ் வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் காவலாகும்.